விடிய விடிய கர்ணன்: காசிமேட்டுப் பக்கம் ஒரு கூத்து ராத்திரி

வெளியூர், வெளிநாடு போய்விட்டு வருகிறவர்கள் சொல்லும் கதைகளில் இப்போதெல்லாம் ஒரு ராத்திரி கட்டாயம் இடம்பிடிக்கிறது. லண்டன் போனவர்கள் 'மியூசிக்கல்' பார்த்தோம் என்கிறார்கள். நியூயார்க் போனவர்கள் பிராட்வே டிக்கெட்டைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். 2002-ல் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 'பாம்பே ட்ரீம்ஸ்' லண்டனின் அப்போலோ விக்டோரியா அரங்கில் மேடையேறியபோதே நம்மவர்களுக்கு இந்த ஆசை தொற்றிக்கொண்டது. 2023-ல் மும்பையில் நீத்தா முகேஷ் அம்பானி கலாசார மையம் திறந்த சூட்டோடு 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' வந்து இறங்கியது. இனி பாஸ்போர்ட்கூட வேண்டாம்.

சரி, சென்னைக்கு வருகிறவர்களை ராத்திரியில் எங்கே கூட்டிப்போவது? மார்கழி என்றால் சபா இருக்கிறது, கேன்டீன் இருக்கிறது, கவலையில்லை. மற்ற மாதங்களில் மாலும் பீச்சும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆடி மாதத்தில் வாருங்கள், வடக்கே போங்கள். பாட்டு உண்டு, ஆட்டம் உண்டு, வசனம் உண்டு, மேடையிலேயே உட்கார்ந்து வாசிக்கும் இசைக்குழு உண்டு. லண்டனில் இரண்டரை மணி நேரம் என்றால், இங்கே எட்டு மணி நேரம். டிக்கெட் கிடையாது. பாயை மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும்.

தெருக்கூத்தைத்தான் சொல்கிறேன். அதிலும் நான் பார்த்தது 'கர்ண மோட்சம்'.

நாங்கள் மதுரைக்காரர்கள். எங்கள் பக்கம் நாடகம் என்றால் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய 'வள்ளி திருமணம்'தான். ஆர்மோனியமும் மிருதங்கமும் பக்கவாட்டில் இருக்க, ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் விடிய விடியத் தர்க்கம் பண்ணுவார்கள். தெருக்கூத்து வட மாவட்டங்களின் சொத்து. காஞ்சிபுரம், செய்யாறு, திருவண்ணாமலை வட்டாரங்களில் பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் திரௌபதியம்மன் கோயில்களில் மகாபாரதக் கூத்து நடக்கும். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் பெயரும், அவரோடு சேர்ந்து வேலை செய்த கூத்துப்பட்டறை ந.முத்துசாமியின் பெயரும் பத்திரிகை படிக்கிறவர்களுக்குப் பழக்கம். அது எப்படித் துறைமுகத்துக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் நடுவே உள்ள தெருவுக்கு வந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். தண்டையார்பேட்டையில் இருக்கும் நாத்தனார் வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பியதும் கிளம்பிவிட்டோம்.

போவது சுலபம். 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை ஓடுகிறது. விம்கோ என்பது தீப்பெட்டிக் கம்பெனி. ஒரு தொழிற்சாலையின் பெயரே ஊர்ப்பெயராகி, ஸ்டேஷன் பெயராகவும் நின்றுவிட்டது. 1946-ல் பலூன் செய்யும் கொட்டகையாக எம்.ஆர்.எஃப் ஆரம்பித்தது இந்தத் திருவொற்றியூரில்தான். என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் இங்கேதான் உருவானது. கொஞ்சம் வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட். மெட்ரோவின் ஜன்னல் வழியே ஒரு பக்கம் புகைபோக்கி, இன்னொரு பக்கம் கடல்.

சாயங்காலம் முதலில் திருவொற்றியூர் தேரடியில் இறங்கித் தியாகராஜர் கோயிலைப் பார்த்துவிடுவது நல்லது. வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டு மகிழ மரத்தடிக்குப் போங்கள். சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர் இது. 'உன்னைப் பிரிய மாட்டேன்' என்று சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் சிவனை மகிழ மரத்துக்கு இடம்பெயரச் சொல்லித் தந்திரம் செய்கிறார் சுந்தரர். சிவனோ அங்கும் சரி என்று சொல்லிவிட்டு, இங்கே சங்கிலியார் கனவில் போய் 'மரத்தடியிலேயே சத்தியம் கேள்' என்று சொல்லிவிடுகிறார். பிறகு சத்தியத்தை மீறி ஊரைத் தாண்டிய சுந்தரருக்குக் கண் பார்வை போகிறது. இதைவிட நல்ல நாடகக் கதை உண்டா என்ன? மாசித் திருவிழாவில் 'மகிழடி சேவை' என்று இதை இன்றும் நிகழ்த்துகிறார்கள். பட்டினத்தார் சமாதியும் இதே ஊரில், கடற்கரை ஓரத்தில்.

ராயபுரத்தில் பார்க்க இரண்டு கட்டடங்கள். ஒன்று ரயில் நிலையம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் புறப்பட்டது. போய்ச் சேர்ந்த இடம் ஆற்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வாலாஜா ரோடு. அதாவது, கூத்து ஆடும் சீமை. துறைமுகத்துக்கும் மில்லுக்கும் ஆள் தேவைப்பட்டபோது செங்கல்பட்டு, வட ஆற்காடு கிராமங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஏராளம். வந்தவர்கள் சட்டி பானையோடு குலதெய்வத்தையும் கூத்தையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். என் ஆச்சரியத்துக்கு விடை அந்தத் தண்டவாளத்திலேயே இருந்தது.

இன்னொன்று 1910-ல் கட்டிய பார்சி அக்னி கோயில். தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். பார்சிகள் அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. வெளியில் நின்று பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். இதைக் கட்டியவர்களுக்கும் நாடகத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அந்த வாசலில் நின்றபோது எனக்கு ஆர்மோனியம் நினைவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் கம்பெனிகள்தான் வண்ணம் தீட்டிய திரைச்சீலையையும் ஆர்மோனியத்தையும் தமிழ் மேடைக்குப் பழக்கப்படுத்தின. பிறகு வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடை அரங்கில் பாய்ஸ் கம்பெனிகளின் காலம் வந்தது. சினிமா வந்ததும் அதுவும் போயிற்று. ராபின்சன் பூங்காவையும் எட்டிப் பார்த்தோம். 1949 செப்டம்பர் 18 அன்று மழையில் நனைந்தபடி தி.மு.க-வின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம். நாடகம் எழுதி, நடித்து, கட்சி வளர்த்தவர்களின் கூட்டம்!

ராத்திரிச் சாப்பாட்டுக்கு என் கணவர் அத்தோ கேட்டார். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் பக்கம் தள்ளுவண்டிக்குத் தள்ளுவண்டி ருசி மாறும். விடிய விடிய விழித்திருக்கப் போகிறவர்கள் அளவாகச் சாப்பிடுவது உத்தமம்.

எட்டரை மணிக்குத் தெருவுக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் சீரியல் பல்பு, வேப்பிலைத் தோரணம். மதியம் ஊற்றிய கூழின் பாத்திரங்கள் கோயில் வாசலில் கவிழ்ந்துகிடந்தன. நடுத்தெருவில் பந்தல், அதற்குள் நாலு பக்கமும் தெரிகிற மாதிரி ஆடுகளம். அதைக் 'களரி' என்கிறார்கள். பின்னால் ஒரு பெஞ்சு. அதில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம், முகவீணை. நாகஸ்வரத்தின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும் இந்த முகவீணையின் சத்தத்தை ஒருமுறை கேட்டால் காது மறக்காது. கீச்சென்று கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வரும்.

பக்கத்து வீட்டுத் திண்ணைதான் ஒப்பனை அறை. ஆளுக்கொரு கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தானே அரிதாரம் பூசிக்கொள்கிறார்கள். கூத்துக் குழுவுக்கு 'ஜமா' என்று பெயர். 2024-ல் அதே பெயரில் வந்த படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். கர்ணன் வேஷம் கட்டுகிறவர் தலைக் கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் மார்புப் பதக்கத்தையும் எடுத்து வரிசையாக வைத்தார். எல்லாம் மரத்தில் செய்து, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டியவை. இந்தக் கட்டைகளைக் கட்டி ஆடுவதால்தான் 'கட்டைக்கூத்து' என்ற பெயரும் இருக்கிறது. கால் சலங்கையை என் மகள் தூக்கிப் பார்த்தாள். ஒரு கையால் முடியவில்லை.

"பாப்பா, அத கட்டிக்கினு விடிய வரிக்கும் சுத்தணும்" என்று சிரித்தார் அவர்.

எட்டே முக்காலுக்கு விநாயகர் பாட்டு. உடனே கட்டியங்காரன் குதித்துக்கொண்டு வந்துவிட்டார். சர்க்கஸ் கோமாளி, செய்தி வாசிப்பாளர், ராஜாவின் காவல்காரன் எல்லாம் இவர் ஒருவரே. அஸ்தினாபுரத்து ராஜா வருகிறார், வழி விடுங்கள் என்றவர், "அஸ்தினாபுரத்துலேந்து மெட்ரோவுல ஏறிட்டாராம், டோல்கேட்ல எறங்கி ஷேர் ஆட்டோ புடிக்கிறாரு" என்றதும் தெருவே சிரித்தது. அன்பளிப்புக் கொடுத்தவர்களின் பெயரை மைக்கில் சொல்வதும் இவர் வேலைதான். ஐந்நூறு ரூபாய்க்கு ஒருவிதப் புகழ்ச்சி, நூறு ரூபாய்க்கு வேறுவிதம்.

இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்தார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிகிறது. கீழே சலங்கைக் கால்கள். ராஜா தன் பெருமையைத் தானே பாடுகிறார்; முகம் தெரியாது. கொஞ்ச நேரம் இப்படியே காக்க வைத்துவிட்டுச் சட்டென்று திரையை விலக்கினார்கள் பாருங்கள், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கோடிகளைக் கொட்டும் அரங்கில் இயந்திரங்களை வைத்துச் செய்யும் வேலையை இவர்கள் ஒரு வேட்டித் துணியில் முடித்துவிடுகிறார்கள்.

சரியாகப் பத்து மணிக்கு மைக் நின்றது.

கரன்ட் போகவில்லை, விளக்குகள் எரிகின்றன. கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் ஒயரையும் பிடுங்கிச் சுற்றி வைத்தார். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். அதுவும் வருஷத்துக்குப் பதினைந்து நாள்களுக்கு மேல் போகக் கூடாது. விடிய விடிய ஆடவேண்டிய கலையை இந்தக் கணக்குக்குள் எப்படி அடக்குவது?

விதியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எதிர்வீட்டு அம்மா பந்தல் போடும்போதே வந்து, "எங்க வீட்டுக்காரருக்கு காலைல ஆறு மணி ஷிப்ட், கொஞ்சம் பார்த்துக்கோங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டேன். தொழிற்சாலை ஊரில் தூக்கம் என்பது கூலியில் ஒரு பங்கு. ஆடி மாதம் முழுக்கத் தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் அலறினால் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எங்கே போவார்கள்? போன வருஷம் இந்தத் தெருவில் அதனாலேயே நள்ளிரவில் கூத்தை முடித்துவிட்டார்களாம். "கர்ணன அவசர அவசரமா சாவடிச்சாங்க. பத்து நிமிஷத்துல மோட்சம்!" என்றார் என் பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர்.

"அப்ப இன்னிக்கும் அவ்வளவுதானா ஐயா?" என்று கேட்டேன்.

"இன்னாமா நீ, மைக்க ஆஃப் பண்ணா கூத்து ஆஃப் ஆயிடுமா? எங்க தாத்தா ஊருல கரண்டே இல்லாதப்ப ஆடுனது இது. முன்னால போய் குந்து."

அப்படியே நடந்தது. வாத்தியார் பெஞ்சிலிருந்து எழுந்து இரண்டு கையாலும் கூட்டத்தை அருகில் வரச் சொன்னார். நாற்காலியில் இருந்தவர்கள் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் வந்து உட்கார்ந்தார்கள். நூறு அடி நீளத்துக்குப் பரவியிருந்த கூட்டம் முப்பது அடிக்குள் சுருங்கியது. டோலக்கை ஓரம் வைத்துவிட்டார்கள். மிருதங்கம் அடங்கி வாசித்தது. கர்ணன் வாயைத் திறந்தார். எடுத்த எடுப்பிலேயே உச்சஸ்தாயி. கூத்துக்காரர்கள் ஏன் இப்படிக் கத்திப் பாடுகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் கேட்டபோது தோன்றியது. வெறும் காதில் கேட்கும்போதுதான் காரணம் புரிகிறது. மைக்கில்லாத காலத்துக்காகப் பழக்கிய தொண்டை அது. மைக்கில் வெறும் இரைச்சலாக வந்தது இப்போது வார்த்தை வார்த்தையாக வந்தது.

நஷ்டமும் இல்லாமல் இல்லை. பத்து மணிக்குப் பிறகு அன்பளிப்பு குறைந்துவிட்டது. பெயர் தெரு முழுக்கக் கேட்காவிட்டால் ஐந்நூறு ரூபாய் எதற்கு என்று சிலருக்குத் தோன்றுமோ என்னவோ. கூத்துக்காரர்களுக்கு ஊர்க்கூலி போக இதுதான் மேல்வரும்படி. 2023-லிருந்து பொங்கல் சமயத்தில் அரசு மறுபடியும் நடத்தும் சென்னை சங்கமத்தில் கூத்துக்கு மேடை கிடைக்கிறது, நல்ல விளக்கும் மைக்கும் கிடைக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே இவர்களுக்குக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் ஒரு திரை விலக்கலையும் ஒரு சுழற்சியையும் காட்டலாம். கதை சொல்ல முடியாது.

கதை எதற்கு முழுசாக வேண்டும் என்பது ஒரு மணிக்கு மேல் புரிந்தது. போர்க்களத்துக்குப் போகும் முன் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி வளர்த்த பிள்ளை, குலம் தெரியாதவன் என்று அவனை மதிக்காதவள் பொன்னுருவி. சாகப்போகிறவன் கதவுக்கு வெளியே நிற்கிறான். அவள் உள்ளிருந்து பதில் பாட்டுப் பாடுகிறாள். ஆண்தான் பெண் வேஷம். முதல் பத்து நிமிஷம் மகளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மறந்துவிட்டாள். அவன் கெஞ்ச, இவள் குத்த, அவன் கோபப்பட, இவள் இன்னும் குத்த, இப்படியே ஒன்றரை மணி நேரம். திருமணமாகி இருபது வருஷம் ஆனவர்கள் யாரும் இதை முக்கால் மணி நேரத்தில் சுருக்கச் சொல்ல மாட்டார்கள்! என் நாத்தனார் மெதுவாக, "அண்ணி, அவ கதவ தொறந்துட்டா நல்லாருக்கும் இல்ல?" என்றாள். வருஷா வருஷம் பார்க்கிறவள் அவள். கடைசியில் அவன் குந்தியின் மகன் என்று தெரிந்து பொன்னுருவி அழுதபோது, சுற்றியிருந்த பெண்கள் முந்தானையை எடுத்துக்கொண்டார்கள். அவன் செத்துப்போவான் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. அவளுக்கு நேரம் போதவில்லையே என்பதுதான் அழுகை.

மூன்று மணிக்குப் பாதிக் கூட்டம் பாயிலேயே தூங்கியது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. தூங்கி எழுந்தால் பக்கத்தில் இருப்பவர் விட்ட கதையைச் சொல்லிவிடுவார். டீ கேன் வந்தது. ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை வசதி இல்லை. நாத்தனார் வீடு நடந்து போகிற தூரத்தில் இருந்ததால் தப்பித்தோம். அறிமுகமான வீடு இல்லாமல் குடும்பத்தோடு போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். கொசுவுக்கும் திடீர் மழைக்கும் ஒரு போர்வை அவசியம்.

'கர்ண மோட்சம்' வடக்கத்தி மாவட்டங்களில் துக்க வீட்டுக் காரியத்தன்று ஆடும் கூத்தும்கூட. இறந்தவருக்கு நற்கதி கிடைக்கட்டும் என்று ஆடுவார்கள். வட சென்னையின் கானாவும் சாவு வீட்டு ராத்திரியில் கண்விழித்துப் பாடிப் பாடி வளர்ந்ததுதான். 2018-ல் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மேடைக்குக் கொண்டுவந்தது அந்தக் கானாவைத்தான். பெரியவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன்.

"அதாம்மா. கோயில்ல ஆடுனாலும் சரி, எழவு வூட்ல ஆடுனாலும் சரி, மோட்சம் குடுக்காம பாதில வுட்டா தெருவுக்கு ஆகாது. போன வருஷம் பத்து நிமிஷத்துல முடிச்சாங்களே, எனக்கு மனசே சரியில்ல."

நாலே முக்காலுக்குத் தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்தது. கிழட்டுப் பிராமணனாகக் கிருஷ்ணன் வந்து, கர்ணன் செய்த தர்மத்தின் பலனை எல்லாம் தானமாகக் கேட்டான். மைக் இல்லை, தெருவில் நாய் குரைப்பு இல்லை, எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. ஆறு மணி ஷிப்டுக்காரர் குளித்துவிட்டு, துண்டோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கர்ணன் கொடுத்தான். விழுந்தான். குந்தி ஓடிவந்து மடியில் போட்டுக்கொண்டாள். பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும். கற்பூரம் காட்டி முடித்தபோது வானம் வெளுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காசிமேடு நடுராத்திரியிலிருந்தே விழித்திருக்கும். நடந்து போய்ச் சேர்ந்தபோது ஏலம் உச்சத்தில் இருந்தது. வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டு நாத்தனார் நெத்திலிப் பக்கம் திரும்பினாள். அங்கே லுங்கியும் பனியனுமாக ஒருவர் பேரம் பேசிக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் தேங்காய் எண்ணெய்க்கும் அழியாத ரோஸ் நிறம். மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"அங்கிள், நீங்க கர்ணன்தானே?"

"நேத்து கர்ணன் பாப்பா. இன்னிக்கு ராத்திரி பொன்னேரியாண்ட, துரியோதனன்" என்றவர் மீன்காரம்மாவிடம் திரும்பி, "இன்னும் ஒரு கை போடும்மா, எட்டு பேரு சாப்புடணும்" என்றார்.